சுவருக்குள் ஒரு வண்டு

"செவருக்குள்ள வண்டு இரையிது மகன்" என்று உம்மா முதன்முதலாகச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன்.

வெலிமடைப் பக்கத்துக் குளிரை அறிந்தவர்களுக்கு விளங்கும். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் பைப்பைத் திறந்தால் தண்ணீர் விரலைக் கடிக்கும். அடுப்பில் சுடவைத்த தண்ணீரை மனைவி வாளியில் தூக்கி வருவதைப் பார்க்கப் பொறுக்காமல் 2023 இல் ஒரு மின்சார ஷவர் வாங்கிப் பூட்டினேன். எங்கள் தண்ணீர்த் தாங்கி உயரம் போதாது. அதனால் உள்ளேயே சிறு பம்ப் உள்ள வகை. குளியலறைக்கு அடுத்தது உம்மாவின் அறை. நடுவில் 4 அங்குல புளொக் கல் சுவர்.

சுபஹுக்கு முன்பே குளித்துவிடுவது என் வழக்கம். உம்மா வண்டைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னார். வயது 78. "காதுக்குள்ளதான் இரையிது உம்மா" என்று நானே தீர்ப்புச் சொல்லி, காது டொக்டரிடமும் கூட்டிப்போனேன். காதில் குறையொன்றுமில்லை என்றார் அவர். அப்படியானால் மனதில்தான் ஏதோ கோளாறு என்று மனைவியிடம் சொன்னேன். அது உம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் வண்டைப் பற்றிப் பேசவேயில்லை.

சில மாதங்களின் பின் காய்ச்சலில் ஒருநாள் உம்மாவின் கட்டிலில் படுத்திருந்தேன். மகன் குளிக்கப் போனான். தலைமாட்டுப் பலகை என் மண்டைக்குள் இரையத் தொடங்கியது. எழுந்து சுவரில் காதை வைத்தேன். வண்டு!

20 வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இசைக்கவையைத் தட்டிக் கையில் பிடித்தால் மெல்லிய ஒலிதான். அதன் காம்பை மேசையில் ஊன்றினால் வகுப்பு முழுதும் கேட்கும். ஆசிரிய கலாசாலையில் கற்று, வருடந்தோறும் செய்து காட்டுவது. இங்கே பம்ப்தான் இசைக்கவை, சுவர்தான் மேசை. ஷவரின் கீழ் நிற்பவனுக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் அது தெரியாது.

மெயின் சுவிட்சை நிறுத்தி, வயரிங் தொழில் தெரிந்தவரைக் கொண்டுதான் பெட்டியைக் கழற்றினேன். தண்ணீரும் 15 அம்பியர் மின்னும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் சாமான். வாத்தியார் கைவைக்கும் இடமல்ல. ஓர் ஆணி இளகியிருந்தது. அவர் பெட்டிக்கும் சுவருக்குமிடையில் ரப்பர் துண்டுகள் வைத்து, அவை நசுங்கிப் போகாத அளவுக்கு இறுக்கினார். சுவரோடு முட்டிய விறைப்பான குழாயை வெட்டி, வளையும் ஹோஸ் ஒன்றைப் பொருத்தினார். தண்ணீர் நுழையும் சல்லடையில் மண். ஷவரின் துவாரங்களிலும் அடைப்பு. பம்ப் மூச்சுத் திணறியே ஓடியிருக்கிறது. சல்லடையைக் கழுவினோம், ஷவர் தலையை வினாகிரியில் ஊறவைத்தோம். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டேன். இதற்குக் காசு செலவில்லை. ஆனால் அதிகம் உதவியது இதுதான்.

இரைச்சல் குறைந்தது, முற்றாக நிற்கவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் ஷவரையே முற்றத்துப் பக்கச் சுவருக்கு மாற்றினோம். அன்றிரவு உம்மாவின் கட்டிலில் படுத்து, மகனைக் குளிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மறுநாள் உம்மாவிடம், "வண்டு போயிட்டா உம்மா?" என்று கேட்டேன்.

தஸ்பீஹை உருட்டியபடியே சொன்னார்: "மகன் இல்லேண்டு சொன்ன அண்டைக்கே அது போயிட்டே."

இப்போதெல்லாம் கடைசி வாங்குப் பிள்ளை "கேக்கல்ல சேர்" என்றால், நான் குரலை உயர்த்துவதில்லை. அந்த வாங்கில் போய் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறேன்.