வேடம் கலைந்த பின்

எங்கள் ஊர் குளத்தூர். தூத்துக்குடிக்கு வடக்கே, விளாத்திகுளம் வட்டத்தில், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கரிசல் விரிந்து கிடக்கும் ஊர். புரட்டாசியில் உழவர் கம்பையும் சோளத்தையும் உளுந்தையும் பருத்தியையும் விதைத்துவிட்டு மேகத்தை எதிர்நோக்கியிருப்பர். அந்நாள்களில் ஊருக்குள் மற்றோர் ஆயத்தமும் தொடங்கும். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவிற்குச் செல்வோர் மாலை அணியும் காலம் அது.

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த அவ்வூரைக் 'குலசை' என்றே மக்கள் வழங்குவர். கொடியேற்றத்துடன் தொடங்கிப் பத்தாம் நாள் நள்ளிரவில் மகிஷாசுர சம்ஹாரத்தில் உச்சம்பெறும் அவ்விழாவின் தனிச்சிறப்பு, அடியவர் பூணும் வேடங்களே. காளி, குறவன், குறத்தி, அரசன், அனுமன், கரடி, காவலர் எனத் தத்தம் நேர்த்திக்கடனுக்கேற்ப வேடமிட்டு, வீடு வீடாகச் சென்று காணிக்கை பெற்று, அதனை அம்மனிடம் சேர்ப்பர்.

பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் எனக்கு அம்மை கண்டது. கொப்புளங்களை 'முத்து' என்பது எங்கள் பக்கத்து வழக்கு. முத்துகளை இறக்கிப் பிள்ளையை எழுப்பித் தருமாறு என் தாய் முத்தாரம்மனை வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுதல் இன்னதென்று நான் அறிந்தது பதினோராம் வகுப்பில் படிக்கும்போதுதான். அரசன் வேடம் புனைய வேண்டும் என்பது என் ஆசை. தாள் ஒட்டிய மணிமுடியை மனத்துக்குள் அணிந்தும் பார்த்துவிட்டேன். அம்மா ஒரே சொல்லில் அதனைக் கழற்றினார்.

"நான் வேண்டுனது பிச்சக்கார வேசம்யா. ராசா வேசம் கட்டுனா ஆத்தா ஏத்துக்கிடுவாளா?"

ஊர் எல்லையில் ஓலைவேய்ந்த தசராக் குடிலில் எங்கள் குழு கூடியது. நான் இருபத்தொரு நாள் நோன்பு. ஒருவேளை உணவு, தரையில் உறக்கம், காலையும் மாலையும் நீராடல். காளி வேடமிடுபவருக்கோ நாற்பத்தொரு நாள். தலையில் முடியும் சடையும், தோளில் கூடுதல் கைகளும், வாயில் பற்களும் அணிந்து அவர் நிற்கும்போது அவரது மூச்சே மாறிவிடும். ஆண்டு முழுவதும் மூட்டை சுமந்து பிழைத்தவர் அவர். அவர் கடந்து செல்கையில் திண்ணையை விட்டு எழாத பெரியவர்கள், அந்நாள்களில் குனிந்து நின்று அவர் கையால் திருநீறு பெற்றதை நான் கண்டேன். கண்டும், அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

கொடியேற்ற நாளில் குலசைக் கடலில் நீராடிக் காப்புக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினோம். கிழிந்த வேட்டி, தோளில் சாக்கு, முகத்தில் கரி, கையில் ஈயத்தட்டு. மேளம் முன்செல்ல எங்கள் தெருவில் காணிக்கை கேட்டபோது எனக்கு எல்லாம் விளையாட்டாகவே இருந்தது. அத்தைமார் சிரித்துக்கொண்டே காசிட்டனர்.

பின்னர்க் குழு ஊருணிக்கரையைத் தாண்டியது. அப்பாலிருந்த தெருவில் அதுவரை நான் கால்வைத்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவுதான். ஆயினும் போகக்கூடாது என்று எவரும் சொல்லாமலேயே போகாதிருக்கக் கற்றிருந்தேன். மூன்றாவது வீட்டு வாசலில் நின்ற மூதாட்டியைக் கண்டதும் என் நா ஒட்டிக்கொண்டது. எங்கள் நிலத்தில் களையெடுக்க வருபவர் அவர். என் பாட்டியின் வயதினர். எனினும் எங்கள் வீட்டில் சிறுவர்களாகிய நாங்களும் அவரைப் பெயர் சொல்லியே அழைத்து வந்தோம்.

பிச்சை கேட்பவன் பெயர் சொல்லி அழைக்க இயலுமா? தட்டை நீட்டினேன்.

"தாயே... காணிக்கை போடுங்க தாயே."

அவர் கரியைக் கடந்து என் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். "நம்ம வீட்டுத் தம்பியா? எங்க வாசல்ல வந்து நிக்கிறீகளே!" என்று பதறினார். பின்பு தயங்கியவாறு, "காசு இல்லையே தம்பி. கம்பு போட்டா ஆத்தா வாங்கிக்கிடுவாளா?" என்றார். காளியாக நின்றவர் தலையசைத்தார். மூதாட்டி உள்ளே சென்று ஓலைக் கொட்டானுடன் வந்தார். புது விளைச்சலுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. சென்ற ஆண்டுக் கம்பு கொட்டானின் அடியில்தான் கிடந்தது. இரு கைகளாலும் அள்ளி, கண்களில் ஒற்றிக்கொண்டு, என் தட்டில் இட்டார். அன்று பெற்றவற்றுள் எனக்குக் கனத்தது அதுவொன்றே.

பத்தாம் நாள் நள்ளிரவு. குலசைக் கடற்கரையில் மணலே தெரியாதவாறு மக்கள் வெள்ளம். யானைத் தலையுடனும் சிங்கத் தலையுடனும் எருமைத் தலையுடனும் மாறி மாறி வந்த அசுரனை அம்மன் வீழ்த்தினாள். மறுநாள் காப்பைக் களைந்து, காணிக்கையைச் செலுத்தி, கரியைக் கழுவிக்கொண்டு ஊர் திரும்பினோம். மூட்டை தூக்குபவர் மூட்டை தூக்கச் சென்றார். நான் பள்ளிக்குச் சென்றேன்.

ஆசிரியரான பின்னர், கரீபியன் கடலிலுள்ள டிரினிடாட் தீவின் தெருவிழாவைப் பற்றிப் படித்தேன். 1845 முதல் இந்தியத் தொழிலாளர் கப்பலேறிச் சென்ற தீவு அது. சென்னையிலிருந்து சென்றோரும் அவர்களுள் உண்டு. அங்கே அடிமைமுறை நிலவிய காலத்தில் பண்ணை முதலாளிகள் தம் மாளிகைகளில் வேடமிட்டு ஆடிக் களித்தனர். 1838இல் முழு விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வழியினர் அவ்விழாவைத் தெருவுக்குக் கொணர்ந்து, முதலாளிகளைப் போன்றே உடுத்தி அவர்களை நகையாடினர். முரசுக்குத் தடை வந்தபோது மூங்கில்களைத் தட்டி இசைத்தனர். பின்னாளில் எண்ணெய்ப் பீப்பாய்களையே இசைக்கருவிகளாக்கினர். அங்கே இல்லாதவர் உள்ளவராக வேடமிட்டனர். குலசையிலோ உள்ளவரும் இல்லாதவராக வேடமிடுகின்றனர். திசைகள் வேறாயினும் இரண்டும் மேல் கீழைப் புரட்டிக் காட்டுகின்றன. ஆனால், விழா முடிந்த மறுநாள் யாவும் பழைய நிலைக்கே திரும்புமாயின் வேடத்தால் விளைந்த பயன் யாது?

அவ்வினா, அந்தத் தசரா கழிந்து மழை பெய்து பயிர் முளைத்த ஐப்பசி இறுதியில், எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே என் முன் வந்து நின்றது. களையெடுப்பு முடித்து வந்த அம்மூதாட்டி தண்ணீர் கேட்டார். என்றும்போல் குத்தவைத்துக் கைகளைக் குவித்தார். உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும், அதுவே வழக்கம். செம்பை எடுத்துச் சென்றேன். குவிந்திருந்த அக்கைகளில் கம்பு நிறைந்திருந்ததை என் கண்கள் மறக்கவில்லை. பெயர் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

"பாட்டி, செம்ப வாங்கிக் குடிங்க" என்று நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். நிலைப்படியில் அம்மா நின்றிருந்தார். எவரும் பேசவில்லை. என் கை நீட்டியபடியே இருந்தது. சிறிது நேரத்தில் அம்மா உள்ளே திரும்பிச் சென்றார். அதன் பின்னரே மூதாட்டி செம்பை வாங்கினார்.

மறுநாள் பின்கட்டுத் திண்ணையில் அவருக்கெனத் தண்ணீர் நிறைந்த செம்பு ஒன்று தனியே வைக்கப்பட்டிருந்தது. அம்மா அதனைத் தம் கையால் எடுத்து அவர் கையில் கொடுக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. நான் மட்டும் அன்றுமுதல் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.