நாலு எலுமிச்சம்பழம்

காலையில் காபிக்கு முன்னால் கார் பானெட்டைத் திறந்து பார்க்கிற பழக்கம் என்னை இன்னும் விடவில்லை. ரேடியேட்டர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதன் வயிற்றில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. பச்சைக் கூலண்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் மூடுவேன். "காமாட்சி சன்னதியிலகூட நீங்க இப்படிக் குனிஞ்சு நான் பாத்ததில்ல" என்பாள் மனைவி. வண்டி சரியாகி ஒன்றரை வருஷம் தாண்டிவிட்டது. ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. இருந்தாலும் கை தானாகப் போகிறது.

2023 ஆவணியில் வாங்கிய வண்டி. சென்னைப் புறநகரில் வரிசையாகக் கொடி கட்டி நிற்குமே, அந்தக் கடைகளில் ஒன்று. ஆறு வருஷம் ஓடிய பெட்ரோல் கார், 3,40,000 ரூபாய். பழைய கார் என்று நான் சொன்னதும் கடைக்காரருக்கு முகம் சுண்டியது. "ப்ரீ ஓன்ட்னு சொல்லுங்க சார்." எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாதம் அல்லது 7,500 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி. வழவழப்பான காகிதம், தங்க நிற முத்திரை. பட்டுப் புடவையைக் கையில் கொடுத்தால் முதல் வேலையாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கிற வீட்டில் பிறந்தவன் நான். அந்தக் காகிதத்தைத் திருப்பவில்லை.

முசரவாக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன் திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயில் வாசலில் வண்டிக்குப் பூசை. வறுத்த பயறை முளைக்க வைக்கிற மரகதவல்லித் தாயார் அங்கே இருக்கிறாள். பிள்ளை வரம் வேண்டி வருகிற பெண்கள் பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள், காலையில் முளை கண்டிருந்தால் வரம் கிடைத்த மாதிரி. "வறுத்த பயறையே முளைக்க வைக்கிறவ, உன் எஞ்சினைப் பாத்துக்க மாட்டாளா" என்றாள் அம்மா. நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கினோம். சாறு தெறித்த வாசனை இரண்டு நாள் இருந்தது.

அமெரிக்காவில் பழுதை மறைத்துத் தலையில் கட்டிவிட்ட காருக்குப் பெயரே எலுமிச்சைதான். ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே அந்தப் பழம் இருக்கிறது. விற்கிறவனுக்கு வண்டியின் வண்டவாளம் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. தெரியாதவன் எல்லா வண்டிக்கும் பயந்து குறைத்தே கேட்பான். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருக்கிறவன் சந்தைப் பக்கமே வரமாட்டான். கடைசியில் மிஞ்சுவது சொத்தை. இவ்வளவுதான் விஷயம். மூன்று ஆய்விதழ்கள் வேண்டாம் என்று திருப்பிய கட்டுரை, 2001இல் இன்னும் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் வாங்கிக் கொடுத்தது. என் கடைக்காரரைப் பார்த்த பிறகு எனக்கு அதில் ஒரு வரி சேர்க்கத் தோன்றுகிறது. அவருக்கும் உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒரு வியாபாரத் திறமைதானே.

மூன்றாவது வாரம், சுங்குவார்சத்திரம் தாண்டும்போது சூடு காட்டும் முள் மெல்ல மேலே ஏறியது. ஓரம் கட்டி நிறுத்தினேன். பக்கத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இருங்காட்டுக்கோட்டைக்கு, ஒரகடத்துக்கு, ஷிப்ட் மாறுகிற நேரம். எங்கள் தெருவில் தறிச் சத்தம் அடங்கியதற்கும் அந்த பஸ்களுக்கும் சம்பந்தம் உண்டு. என் சித்தப்பா மகன் பதினெட்டு வயதில் குழித்தறியை விட்டு எழுந்து அப்படி ஒரு பஸ்ஸில் ஏறியவன்தான். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., மத்தியானச் சாப்பாடு. தறியில் உட்கார்ந்தால் பாவு வருகிற வரைக்கும் காத்திருக்கணும். யாரை என்ன சொல்வது? அவனுக்குத்தான் போன் போட்டேன்.

"தரையில சொட்டியிருக்காண்ணா?"

"இல்லடா, காஞ்சு கிடக்குது."

"அப்ப எஞ்சின் குடிக்குது."

கடைக்கு முதல் தடவை போனபோது கூலண்டை நிரப்பி, "ஏர் லாக் சார், சரியாயிடும்" என்று அனுப்பினார்கள். இரண்டாம் தடவை ரேடியேட்டர் மூடியை மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் டீ வந்தது. மூன்றாம் தடவை டீ வரவில்லை, பதில் வந்தது. "ஹெட் கேஸ்கட் வாரண்டியில வராது சார், அது தேயிற பொருள். அதுவுமில்லாம சூடாக்குனது நீங்க." காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில் இருந்தது. எஞ்சினுக்கு வாரண்டி உண்டு, எஞ்சினை எஞ்சினாக வைத்திருக்கிற எதற்கும் இல்லை.

கேஸ்கட் என்பது எஞ்சினின் உடம்புக்கும் தலைக்கும் நடுவே வைக்கிற ஒரு தகடு. எண்ணெய் போகிற வழி, தண்ணீர் போகிற வழி, நெருப்பு எரிகிற அறை எல்லாம் அதில் ஓட்டை ஓட்டையாகப் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்றோடு ஒன்று கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. இதைச் சித்தப்பா மகன் எனக்கு விளக்கியபோது, "கோர்வை மாதிரிண்ணா" என்றான். தறியை விட்டு எத்தனை வருஷமானாலும் அவன் வாயில் அதுதான் வருகிறது.

கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும். இடப்பக்கத்துக் கரையையும் உடலையும் நெய்கிறவர் பார்த்துக்கொள்வார். வலப்பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள ஒரு பையன் பக்கத்தில் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பையன் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுவேன். பிள்ளைகளைத் தறியில் உட்கார வைப்பதைத் தப்பென்று எங்கள் தெருவில் யாரும் அப்போது நினைத்ததில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கொக்கி மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டும். ஒழுங்காகப் பிடித்துவிட்டால் புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். பிடிக்காமல் விட்டால் ஊசி போகிற அளவுக்கு ஒரு சந்து. தறியில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது.

ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் நான் விட்டிருக்கிறேன். அறுத்து எடுத்துப்போன புடவையை முதலாளி வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் வெளிச்சம் மூன்று இடத்தில் பொட்டு வைத்தது.

சரிகை நல்லதா என்று பார்க்க உரைகல் இருக்கிறது. எஞ்சினை எதில் உரசுவது? அதற்கும் ஒன்று இருந்தது. பாலுசெட்டிசத்திரம் பக்கத்தில் ஒரு மெக்கானிக். ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி, அதில் நீல நிறத் திரவம் கொஞ்சம் ஊற்றினார். ரப்பர் குமிழை அழுத்தி அழுத்தி விட்டார். கூலண்ட் இருக்கிற இடத்தில் எரிந்த புகை கலந்திருந்தால் நிறம் மாறுமாம். சாயப்பட்டறையில் பட்டு நிறம் பிடிப்பதைப் பார்த்து நின்றவன் மாதிரி நின்றேன். நீலம் பச்சையாயிற்று. பச்சை வெளுத்தது. கடைசியில் குழாயில் நின்றது அசல் எலுமிச்சை நிறம். டப்பாவின் அடியில் விரலை விட்டு எடுத்தார், பழுப்பாகச் சேறு ஒட்டியிருந்தது. "ஓட்டையை அடைக்கிற பொடிண்ணா. யாரோ கொட்டி ரொம்ப நாளாச்சு. இது இன்னிக்கு நேத்து வந்த வியாதி இல்ல."

ஆர்.சி. என் பெயருக்கு மாறியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. 29, 30 படிவங்களில் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே வண்டியைக் கை மாற்றிவிடுகிற தரகர்கள் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், வண்டி தங்கள் கைக்கு வந்ததை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது. என் பெயரில் ஆர்.சி. இருந்ததால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தை அச்செடுத்துக் கொடுத்தார்கள். நான் வாங்குவதற்கு நாலு மாதம் முன்னால் ஒரு வரி: கூலண்ட் குறைகிறது, ஹெட் கழற்றிப் பார்க்கச் சொல்லப்பட்டது, உரிமையாளர் வேண்டாம் என்றார்.

அந்த ஒரு வரிக்காக நான் அலைந்த அலைச்சல் வீண் போகவில்லை. வாய்ச்சண்டையை நிறுத்திவிட்டுக் கடிதம் எழுதினேன், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். வாங்கிய தேதி, மூன்று தடவை வந்து போன தேதிகள், சர்வீஸ் விவரத்தின் நகல், குழாயை எடுத்த போட்டோ. பதினைந்து நாள் கெடு. தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் வாரண்டி என்பது உண்மையில் சின்ன வார்த்தை. அதை மீறினால் நஷ்டஈடு மட்டும்தான் கேட்கலாம். நிபந்தனையை மீறினால் சரக்கையே திருப்பிக் கொடுக்கலாம். "வாரண்டி வாரண்டின்னு நீங்களே ஏன் சுருக்கிக்கிறீங்க? பழுதை மறைச்சு வித்தார்னு எழுதுங்க." 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கிற புது நுகர்வோர் சட்டப்படி கடை இருக்கிற ஊருக்கு ஓட வேண்டியதில்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் அவகாசம். இதை எல்லாம் கடிதத்தின் கடைசிப் பத்தியில் மிரட்டாமல் எழுதினேன். மிரட்டினால் அவர்களுக்குப் பழக்கம், மரியாதையாக எழுதினால்தான் பயப்படுகிறார்கள்.

அட்டை திரும்பி வந்த நாலாம் நாள் போன். "சார், நமக்குள்ள எதுக்கு லெட்டரெல்லாம்?" பாதிச் செலவு உங்களுடையது என்றார். முடியாது என்றேன். எண்ணெயும் கூலண்டும் என் கணக்கில், மற்றதெல்லாம் அவர் கணக்கில் என்று நின்றது. பதினொரு நாள் வண்டி அங்கே கிடந்தது.

லேத் பட்டறைக்கு நானும் போனேன். கழற்றின ஹெட்டை மேசையில் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துக் காட்டினார் பட்டறைக்காரர். "குனிஞ்சு பாருங்க." குனிந்தேன். ஸ்கேலுக்கும் உலோகத்துக்கும் நடுவே, இரண்டாவது மூன்றாவது சிலிண்டருக்கு இடையில், மயிரிழை மாதிரி ஒரு வெளிச்சம்.

முதலாளி புடவையை இறக்கியபோது அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "என் கைத் தப்புதாங்க" என்றார். கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அந்த வாரம் வீட்டில் என்ன குறைந்தது என்று எனக்கு ஞாபகமில்லை, ஏதோ குறைந்திருக்கும். புடவையை வீட்டுக்கு வாங்கி வந்து, குண்டு பல்பு வெளிச்சத்தில், அதே பட்டு இழையை ஊசியில் கோத்து மூன்று சந்தையும் அடைத்தார். காலையில் மறுபடி வெளிச்சத்துக்குப் பிடித்தார்கள். பொட்டு இல்லை. எனக்கே எங்கே என்று தெரியவில்லை. முதலாளிக்குத் திருப்தி. அப்பாதான் விடவில்லை. "சொல்லி வித்துடுங்க முதலாளி" என்றார். எவ்வளவு குறைத்து விற்றார்களோ, சொல்லித்தான் விற்றார்களோ, அது எங்கள் கையை விட்டுப் போன விஷயம்.

வண்டியை இப்போது கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். முதுகு வலிக்கு உயரமான வண்டி வேண்டுமாம், டாக்டரை விட மகன் சொல்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பார்க்க வந்தார். தன்மையான மனுஷர், முதல் கார் வாங்குகிறார். ஓட்டிப் பார்த்தார், பிடித்துவிட்டது. பானெட்டைத் திறந்து எதைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பார்த்தார். "எஞ்சின் வேலை ஏதாச்சும் பாத்திருக்கீங்களாண்ணா?" என்று கேட்டார்.

உள்ளே போய் ஃபைலை எடுத்து வந்து திண்ணையில் பிரித்து வைத்தேன். சர்வீஸ் விவரம், கடித நகல், ஒப்புகை அட்டை, லேத் பட்டறை ரசீது. ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது. "இப்ப ஒண்ணும் இல்லீங்களே?" என்றார். இல்லை என்றேன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பினார். நான் உள்ளே வந்ததும், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கலாமே" என்றாள் மனைவி. கேட்டதற்குத்தான் சொன்னேன்.

அவர் இன்னும் கூப்பிடவில்லை. இன்று காலையும் பானெட்டைத் திறந்தேன். கூலண்ட் கோட்டில்தான் நிற்கிறது.