மலை விட்ட வழி

கோவையிலிருந்து கிளம்பும் ரயில் வாளையாறைத் தாண்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலை சட்டென்று ஒதுங்கிக்கொள்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் நெல்லியாம்பதியும். நடுவே 30 கி.மீ.க்கும் அதிகமான அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய். அதன் வாசலில் இருக்கிறது கஞ்சிக்கோடு: பனைமரங்கள், தொழிற்சாலைப் புகைபோக்கிகள், ஓயாத காற்று. கேரள மின்வாரியம் 1990களில் இங்கே காற்றாலைகளை நிறுவியதில் ஆச்சரியமில்லை.

இத்தனை பெரிய மலைத்தொடரில் இப்படி ஓர் ஓட்டை விழுந்தது எப்படி? எரிமலை ஏதாவது வெடித்துப் பெயர்த்ததா? பார்ப்பவர்களுக்கு எழும் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் இங்கே எரிமலைவாயின் தடயம் எதுவும் இல்லை.

எரிமலை பிறப்பதற்குப் பூமிக்குள் பாறை உருக வேண்டும். நிலத்தட்டுகள் விலகும் இடங்களிலும், ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புதையும் இடங்களிலும், ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடங்களிலும் அது நடக்கிறது. அந்தமான் கடலில் இந்தியத் தட்டு கிழக்கே புதைகிறது. அதிலிருந்து கசியும் நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 135 கி.மீ. தொலைவில் உள்ள பாரன் தீவு எரிமலை நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991இல் விழித்தது இப்படித்தான். நல்லவேளையாக அங்கே மனிதக் குடியிருப்பு இல்லை. இந்தோனேசியாவின் தம்போராவில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1815இல் அது வெடித்தபோது பல்லாயிரம் பேர் இறந்தார்கள். வானில் பரவிய கந்தகத் துகள்கள் வெயிலை மறைக்க, மறு ஆண்டு ஐரோப்பாவில் பயிர்கள் பொய்த்தன. நெருப்பு கொடுப்பதும் உண்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்த எரிமலைக் குழம்புதான் இன்று மகாராஷ்டிரத்தில் பருத்தி விளையும் கரிசலாகக் கிடக்கிறது.

கஞ்சிக்கோட்டின் கதை வேறு. இங்குள்ள பாறைகள் பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, கண்டங்கள் மோதி ஒன்றுசேர்ந்த காலத்தில், இவ்வழியே நிலம் பக்கவாட்டில் இழுபட்டு நைந்தது. நைந்த பாறையை மழையும் ஆறுகளும் எளிதில் அரித்தன. கெட்டியான மலைகள் இருபுறமும் நின்றன. இதே போன்ற ஒரு பள்ளம் மடகாஸ்கரிலும் உண்டு. இரண்டும் ஒரே நிலமாக இருந்த காலத்தில் அடுத்தடுத்து இருந்தவை என்பது நிலவியலாளர்கள் பலரின் கருத்து. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்தபோது நெருப்பும் வந்தது. அதன் சாட்சி உடுப்பிக்கு அருகே செயின்ட் மேரீஸ் தீவில் தூண் தூணாக நிற்கும் பாறைகள்.

இந்த இடைவெளிதான் இங்குள்ள வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியே கோவைக்குப் பாய்கிறது. குளிர்காலத்தில் கிழக்குக் காற்று பாலக்காட்டை வறட்டுகிறது. மலை உச்சியில் வாழும் சோலைக்கிளி என்ற சிறு பறவை இதைத் தாண்டுவதில்லை. வடக்கே ஓர் இனம், தெற்கே வேறோர் இனம். ஆனால் மனிதர்களுக்கு இது பாலம். தமிழும் மலையாளமும் கலந்தது இவ்வழியேதான்.

எரிமலை இல்லை என்பதால் பூமி அடங்கிவிட்டதாக அர்த்தமில்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு 6 எனக் கணிக்கப்பட்டுள்ளது. 1994 டிசம்பர் 2 அன்று கணவாயின் மேற்குப் பக்கம் வடக்காஞ்சேரி அருகே 4.3 அளவில் அதிர்ந்தது. 2000 டிசம்பரில் இடுக்கி மலையடிவாரத்தில் ஈராற்றுப்பேட்டை பகுதி குலுங்கியது. 2024 ஜூனிலும் திருச்சூர், பாலக்காடு மாவட்டங்களில் லேசான அதிர்வு. தட்டின் நடுவில் சேரும் அழுத்தம் பழைய பலவீனக் கோடுகளில் வெளிப்படுகிறது.

1900இல் இங்கே இத்தனை ஆலைகளும் அடுக்குமாடிகளும் இல்லை. இடுக்கியில் 1976இல் வந்த பெரிய அணையும் இல்லை. அதே அளவு அதிர்வு மீண்டும் வந்தால் அதைத் தாங்கவேண்டியவை இப்போதைய சுவர்கள். அவற்றை எப்படிக் கட்டுகிறோம் என்பது மட்டுமே மனிதர் கையில் இருக்கிறது.