நைட்ரோ டிரக்கும் டூ ஸ்ட்ரோக் காதும்

ரிமோட் வண்டின்னதும் திருவிழாக் கடையில தொங்குற பேட்டரி காரை நினைச்சுக்காதீங்க மக்கா. இது நிஜமாவே எஞ்சின் வச்சது. புகை விடும், எண்ணெய் கக்கும், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தும். பெங்களூர்ல என்கூட ஆணி புடுங்கிட்டிருந்த ஒருத்தர், வெளிநாடு கிளம்புறப்ப 6,000 ரூபாய்க்குக் குடுத்துட்டுப் போனார். மேல் கூடு கிடையாது, மேனுவல் கிடையாது. அவரே யார்கிட்டயோ வாங்கினதாம். 'ஓடும்னு நினைக்கிறேன்'ங்கிறதுதான் வாரண்டி :-)

உதிரிபாகம் வாங்கணும்னா முதல்ல ஜாதகம் தெரியணுமே. மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் வச்சுத் தேய்ச்சேன். சக்கரத்துக்கு ரெண்டுன்னு மொத்தம் 8 ஷாக் அப்சார்பர். அப்படி 8 வச்சு வந்த பழைய வண்டிகள்ல ரெண்டு ரொம்பப் பிரபலம். ஒண்ணு 1999ல வந்த ட்ராக்ஸஸ் டி-மேக்ஸ், இன்னொண்ணு 2002ல வந்த எச்பிஐ சாவேஜ். சாவேஜுக்கு ரெண்டு அலுமினியத் தகடு செங்குத்தா நிக்கும், நடுவுல எஞ்சின். டி-மேக்ஸுக்குத் தட்டையா ஒரே தகடு. நம்மளது தட்டை. ரிவர்ஸ் மாத்துறதுக்குன்னே மூணாவதா ஒரு சர்வோ வேற. ஆக, ஆரம்பகால டி-மேக்ஸ். எஞ்சின் 0.15 கன அங்குலம், சுமார் 2.5 சிசி. அரை டீஸ்பூன் தண்ணி பிடிக்கிற இடம், அவ்வளவுதான். எனக்கும் இதுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு, ஆனா இது என்னைவிட நல்லாவே இருந்துது.

அய்யலூர் கொண்டு வந்ததும் நேரா பைபாஸ் பக்கம் இருக்கிற மெக்கானிக் அண்ணன் பட்டறைக்குப் போனேன். டிவிஎஸ் 50 காலத்து ஆளு. ஃப்ளைவீலை விரலால சுத்திப் பார்த்தார். பிஸ்டன் உச்சிக்குப் போறப்ப நல்லா இறுகுச்சு.

"கம்ப்ரஷன் இருக்கு தம்பி. ரிங் எத்தனை?"

"ரிங்கே கிடையாதுண்ணே. சிலிண்டர் ஸ்லீவ் மேல போகப் போகக் குறுகும். சூடானதும் விரிஞ்சு குடுக்கும்."

அவர் முகத்தைப் பார்க்கணுமே! அடுத்து பிளக். ஸ்பார்க் கிடையாது, உள்ள பிளாட்டினம் கலந்த ஒரு கம்பிச்சுருள் மட்டும். 1.5 வோல்ட் குடுத்தா ஆரஞ்சா எரியணும், எரியல. புதுசு மாட்டியாச்சு. எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகு கரண்ட் வேண்டாம், மெத்தனால் ஆவி பிளாட்டினத்துல படுறதே சுருளைச் சூடா வச்சுக்கும். இதைச் சொன்னப்புறம்தான் "பெட்ரோல் ஊத்திப் பார்ப்போமா"ன்னு கேக்குறதை விட்டார். பெட்ரோலுக்கு அந்த வித்தை தெரியாது.

எரிபொருள் பத்தி ஒரு விஷயம், இது விளையாட்டில்ல. என் கேன்ல நைட்ரோமீத்தேன் 20 சதவீதம், கொஞ்சம் எண்ணெய், மிச்சமெல்லாம் மெத்தனால். ரயில்லயும் விமானத்துலயும் கொண்டு வரக் கூடாத சரக்கு, கார்லதான் வந்துது. மூடியைத் திறந்ததும் பட்டறைக்கு எப்பவும் வர்ற ஒரு பெரியவர் "என்னப்பா, ஸ்பிரிட்டா?"ன்னு கிட்ட வந்தார். வயித்தைக் கலக்கிடுச்சு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தாலதான். கொஞ்சம் உள்ள போனாலே கண்ணு போயிடும். பத்த வச்சா பகல்ல தீ கண்ணுக்கே சரியாத் தெரியாது. கேன்ல சிவப்பு பெயிண்ட்ல 'விஷம்'னு எழுதி, பட்டறை பீரோவுல பூட்டிட்டோம். சாவி அண்ணன்கிட்ட. பெரியவருக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பினோம்.

ஸ்டார்ட் ஆச்சு. ஆனா ஆக்சிலரேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் இறங்க மாட்டேங்குது, வீல்னு கத்துது. நான் ஊசி ஸ்க்ரூவைத் தேடிக் குனிஞ்சேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுட்டு, "அதைத் தொடாத. காத்து இழுக்குது"ன்னார். விரல்ல கிரீஸ் எடுத்து கார்புரேட்டர் கழுத்தைச் சுத்தித் தடவினார். சத்தம் அப்படியே தணிஞ்சுது. டிவிஎஸ் 50ல கார்புரேட்டர் கேஸ்கெட் போனா இதே கத்தல்தானாம். கழட்டினா ஓ-ரிங் காஞ்சு வெடிச்சிருந்துது. அவர் டப்பாவுல இருந்து ஒண்ணு போட்டு, வெளியில அனபாண்ட் மெல்லிசாத் தடவி, ராத்திரி பூரா காய விட்டோம். எனக்கு டேட்டாஷீட் தெரியும், இந்தக் காது கிடையாது. இப்ப வர்ற எக்ஸெல் 100 எல்லாம் 4 ஸ்ட்ரோக். "இந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு"ன்னு நாலு தடவை சொன்னார்.

அப்புறம்தான் ஊசி வேலை. ஹெட்டுல ஒரு சொட்டுத் தண்ணி வச்சா மூணு நாலு செகண்ட் கொதிச்சு ஆவியாகணும். பட்டதும் மறைஞ்சா சூடு அதிகம், ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளியில திருப்பி எரிபொருளைக் கூட்டணும். புகை எப்பவும் லேசா வரணும். எண்ணெய் அந்த எரிபொருளோடதான் வருது, பட்டினி போட்டா எஞ்சின் காலி.

வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை முடிஞ்சு, மறுநாள் காலியாக் கிடந்த மைதானத்துல ஓட்டினோம். அக்கா பையன், "மாமா, புழுக்கை பறக்குது பாருங்க!"ன்னு குதிக்கிறான். ரெண்டாவது கியர் தானா விழுந்துது. ரிவர்ஸ் மட்டும் இன்னும் இல்ல, மூணாவது சர்வோ உறுமுது, கியர் மாறல. ஞாயித்துக்கிழமை கியர்பாக்ஸைப் பிரிக்கிறோம். அண்ணன்கிட்ட இருக்கிறதுலயே சின்ன ஸ்பேனர் கூட இதுக்கு ராட்சசன், அதனால ஆலன் கீ செட்டை நான்தான் கொண்டு போகணும்.