குடப்பனக்குன்னு மாலைகள்

லண்டன்



இங்கே தேம்ஸ் நதியின் தென்கரையில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் அரங்கம் இருக்கிறது. அழிந்துபோனவை என்று கைவிடப்பட்ட பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் எங்கேனும் கிடைத்தால், அவற்றைச் சேகரித்துத் திரையிடும் வேலையை இந்தக் கழகம் 1993-ல் தொடங்கியது. அப்படியொரு திரையிடலுக்கு அண்மையில் போயிருந்தேன். வந்தவர்களில் பெரும்பாலானோர் தலைநரைத்தவர்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய நாடகத்தின் தொடக்க இசை எழுந்ததும், பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் தன்னை மறந்து கூடவே முனகத் தொடங்கினார். அவர் சிறுமியாக இருந்தபோது ஒரே ஒருமுறை கேட்ட இசையாக இருக்கலாம். அந்த நேரம் எனக்குத் திருவனந்தபுரம் நினைவுக்கு வந்தது. வீடு திரும்பிய பிறகும் அது போகவில்லை. இந்த மாத மடலை அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

திருவனந்தபுரம் நகரின் வடகிழக்கே குடப்பனக்குன்னு என்றொரு மேட்டுப்பகுதி உண்டு. தூர்தர்ஷன் நிலையம் அங்கேதான். 1982-ல், டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நாடெங்கும் ஒளிபரப்பிகள் நிறுவப்பட்டபோது எங்கள் ஊருக்கும் தொலைக்காட்சி வந்தது. ஆனால் வந்தது டில்லியின் இந்தியும் ஆங்கிலமும். ஊர் தன் மொழியில் தன் முகத்தைப் பார்த்தது 1985 ஜனவரி 1 அன்று. அன்றுதான் குடப்பனக்குன்னிலிருந்து மலையாள ஒளிபரப்பு தொடங்கியது.

நாங்கள் ஆரியசாலைப் பக்கத்துத் தமிழர்கள். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் வியாபாரம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்று வளர்ந்த குடும்பம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 முதலே இயங்கியும் அது எங்களுக்கு எட்டவில்லை. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்ப்பதற்காகச் சென்னையில் தெருக்களே காலியாகிவிடும் என்று அங்கிருந்து வரும் உறவினர்கள் சொல்லக் கேட்டு ஏங்கியதுதான் மிச்சம். நாகர்கோவிலில் இருந்த அத்தை வீட்டில் நிலைமை வேறு. அங்கே மொட்டைமாடியில் ஒரு நெடிய இரும்புக் குழாய், அதன் உச்சியில் ஆன்டெனா, கூடவே ஒரு பூஸ்டர். வடமேற்கே திருப்பினால் திருவனந்தபுரம், தென்கிழக்கே திருப்பினால் இலங்கையின் ரூபவாஹினி. 1982 பிப்ரவரியில் ஜப்பானின் உதவியோடு தொடங்கிய ரூபவாஹினியின் கோபுரம் அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை மேல் நிற்கிறது. இரவில், கடலில் காற்றடங்கிய பிறகு, அதன் படம் பளிச்சென்று விழும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழர்களில் ஒரு தலைமுறை மலையாளச் செய்தியையும் சிங்கள விளம்பரத்தையும் பார்த்துக்கொண்டே தமிழுக்குக் காத்திருந்தது. இதைச் சென்னைக்காரர்களிடம் சொன்னால் இன்றும் வியப்பார்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டி கெல்ட்ரான். கேரள அரசின் மின்னணுக் கழகம் செய்தது. அதன் தலைமை அலுவலகம் எங்கள் ஊர் வெள்ளயம்பலத்தில் இருந்ததால் எல்லோருக்கும் அது ‘நம்ம கம்பெனி’. தமிழ்நாட்டில் சாலிடேரும் டயனோராவும் இருந்த இடத்தில் எங்களுக்கு கெல்ட்ரான்.

அந்தப் பெட்டியில் பார்த்தவற்றில் எதைச் சொல்ல? நெடுமுடி வேணு இயக்கிய ‘கைரளி விலாசம் லாட்ஜ்’ தொடரை முதலில் சொல்கிறேன். ‘இந்தியன்’ படத்தில் சேனாபதியைத் துரத்தும் சி.பி.ஐ. அதிகாரியாகத் தமிழர்கள் அறிந்த அதே வேணுதான். ஒரு தங்கும் விடுதி, அதில் வாழும் விதவிதமான ஆட்கள், அவர்களுடைய சின்னச் சின்னத் தகராறுகள்: இவ்வளவுதான் கதை. பெரிய செட் கிடையாது. அழுகை கிடையாது. மனிதர்கள் பேசும் விதத்திலேயே சிரிப்பு வந்தது. சாலைக் கடைத்தெருவில் நான் தினமும் பார்த்த முகங்கள் பெட்டிக்குள் நடமாடுவதாகவே எனக்குத் தோன்றியது. 2021 அக்டோபரில் வேணு காலமானபோது செய்திகள் எல்லாம் அவருடைய சினிமாக்களைப் பட்டியலிட்டன. எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த லாட்ஜ்தான்.

பிறகு ஷியாமபிரசாத். பின்னாளில் பேர்பெற்ற திரைப்பட இயக்குநர் ஆன அவர் அப்போது குடப்பனக்குன்னு நிலையத்தில் தயாரிப்பாளர். மாதவிக்குட்டியின் ‘வேனலின்றெ ஒழிவு’ கதையை அவர் சின்னத்திரைப் படமாக எடுத்தார். இலக்கியம் என்றால் பாடப்புத்தகம் என்று எண்ணியிருந்த எங்கள் வீட்டுக்குள் நல்ல சிறுகதைகள் இந்த வழியாகத்தான் வந்தன. அக்கா அதற்கப்புறம்தான் மலையாள எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தாள். அப்பாவுக்கோ செய்திகள். ஹேமலதா, மாயா, கண்ணன் என்று வாசிப்பவர்களை வீட்டு மனிதர்களைப் போலப் பேர் சொல்லித்தான் குறிப்பிடுவார். கடையில் பேசும் மலையாளம் வேறு, இவர்கள் வாசிக்கும் மலையாளம் வேறு. இதைக் கேட்டுக் கேட்டு அவருடைய கடிதங்களின் நடையே மாறியது.

‘சித்ரகீதம்’ வரும் மாலையில் பக்கத்து வீட்டுச் சேச்சி தன் பிள்ளைகளோடு வந்துவிடுவார். சினிமாப் பாட்டுத் தொகுப்புதான், ஆனால் அது முடியும்வரை இரண்டு வீட்டு அடுப்பிலும் எதுவும் கொதிக்காது.

இந்த இடத்தில் பலர் ‘ராமாயண’த்தைச் சொல்வார்கள். சொல்லட்டும். 1987 ஜனவரி 25-ல் தொடங்கிய ராமானந்த் சாகரின் அந்தத் தொடரை நாங்களும் ஞாயிறு காலை குளித்துவிட்டு உட்கார்ந்து பார்த்தோம். அடுத்த ஆண்டு காந்தி ஜயந்தியன்று பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரதம்’ ஆரம்பித்தது. சங்கர் நாக் ஆகும்பேயில் படமாக்கிய ‘மால்குடி டேஸ்’ எனக்கு இவை இரண்டையும் விடப் பிரியமானது, எல். வைத்தியநாதனின் அந்தத் தொடக்க இசையை இப்போது கேட்டாலும் கண் கலங்கும். ஆனால் இவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இவை பத்திரமாக இருக்கின்றன. 2020-ல் ஊரடங்கு வந்ததும் மார்ச் 28 முதல் ராமாயணத்தை மறுபடி ஒளிபரப்பினார்கள், கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அடுத்த மாதமே பழைய தொடர்களுக்கென்று ‘டிடி ரெட்ரோ’ என்ற தனி அலைவரிசை வந்தது. 2024 நவம்பரில், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி ‘வேவ்ஸ்’ செயலியை வெளியிட்டபோதும் இந்தப் புகழ்பெற்ற தொடர்கள்தான் முன்வரிசையில் நின்றன. புகழ் பெற்றது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும்.

என் கவலை எல்லாம் அந்த மாலைகளைப் பற்றியது. செய்தி, விவசாய நிகழ்ச்சி, நேயர் கடிதங்களுக்குப் பதில், ஒரு கதகளிப் பதிவு, ஒரு கச்சேரி, பதின்மூன்று வாரத்துக்குள் முடிந்துபோகும் ஒரு சின்னத் தொடர். ஒரு மாநிலம் தன்னைத் தானே தினமும் படம் பிடித்துவைத்த ஏடு அது. அதற்குத் தேசிய அளவில் விலை கேட்பார் இல்லை.

இங்கே பி.பி.சி.யில் நடந்ததைச் சொன்னால் என் பயம் புரியும். 1960களின் பின்பாதியிலிருந்து 1970களின் இறுதிவரை அவர்கள் தங்கள் சொந்த நிகழ்ச்சிகளை ஆயிரக்கணக்கில் அழித்தார்கள். யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. வீடியோ டேப் மிக விலை உயர்ந்த பொருள். ஒன்றை அழித்துவிட்டால் அதன்மேலேயே அடுத்ததைப் பதிவு செய்யலாம். நடிகர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தங்களால் மறுஒளிபரப்பும் எளிதல்ல. வண்ணம் வந்தபின் கறுப்பு வெள்ளையை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. முறையான காப்பகம் அமைந்தது 1978-ல். அதற்குள் போனது போனதுதான். உலகமே கொண்டாடும் ‘டாக்டர் ஹூ’ தொடரிலேயே 1960களின் பகுதிகளில் தொண்ணூறுக்கு மேல் காணாமற்போயின.

பிறகு அவர்கள் செய்ததுதான் பாடம். அழித்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். எது இருக்கிறது, எது இல்லை என்ற பட்டியல் வெளியே வந்தது. பட்டியல் வந்ததும் ரசிகர்கள் தேடக் கிளம்பினார்கள். வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற 16 மி.மீ. பிலிம் பிரதிகளைத் துரத்திக்கொண்டு பிலிப் மாரிஸ் என்பவர் ஆப்பிரிக்காவெங்கும் அலைந்தார். நைஜீரியாவின் ஜோஸ் நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக் கிடங்கில் தூசி படிந்த டப்பாக்களில் அவருக்கு அகப்பட்டவற்றிலிருந்து, 2013-ல், நாற்பத்தைந்து ஆண்டுகளாகக் காணாத ஒன்பது ‘டாக்டர் ஹூ’ பகுதிகள் இங்கிலாந்து மக்களுக்கு மறுபடி கிடைத்தன. படம் கிடைக்காத பகுதிகளுக்கும் ஒலி இருக்கிறது. சிறுவர்கள் அந்தக் காலத்தில் பெட்டிக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிந்துகொண்டது அது.

ஒளிபரப்பி முடித்த டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்துவது அந்நாளில் உலகெங்கும் வழக்கம். தூர்தர்ஷனும் அதற்கு விலக்கல்ல. எஞ்சிய முக்கால் அங்குல யு-மேட்டிக் நாடாக்களுக்கோ வேறு எதிரிகள். அவற்றை ஓட்டும் இயந்திரங்கள் உற்பத்தியில் இல்லை. உதிரிபாகம் கிடைப்பது அரிது. எங்கள் ஊர்க் காற்றின் ஈரமோ, இரும்பையே தின்னும்.

அந்த ஈரம் என்ன செய்யும் என்பதை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பெரியப்பா ஷார்ஜாவில் இருந்தார். 1980களில் வளைகுடாவிலிருந்து வந்த பல குடும்பங்களைப் போல அவரும் ஒரு விசிஆர் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்தார். ஓணம், விஷு நாட்களில் வரும் நிகழ்ச்சிகளை நாங்கள் பதிந்து, ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவோம். அங்கே ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் தங்கியிருந்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். பெரியப்பா காலமான பின், அவர் பெட்டியிலிருந்த கேஸட்டுகளில் சிலவற்றை அண்ணன் எனக்கு அனுப்பிவைத்தான். ஒன்றின் முன்மூடியை விரலால் தூக்கிப் பார்த்தேன். சுருளின் ஓரம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம், அரிசிமாவு தூவினாற்போல. அப்படியே போட்டு ஓட்டினால் இயந்திரத்தின் தலையும் கெடும், நாடாவும் கிழியும். பழைய நாடாக்களைச் சுத்தம் செய்யும் ஒருவர் இங்கே இருக்கிறார். அவரிடம் கொடுத்தேன்.

அவர் மீட்டுக் கொடுத்ததில் ஓண நிகழ்ச்சி பாதிதான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அண்ணன் பதிவை நிறுத்த மறந்ததால் பதிவானவை இருந்தன. சுழன்று சுழன்று கண்ணாக உருவாகும் தூர்தர்ஷன் சின்னம். அடுத்து வரும் நிகழ்ச்சியைச் சொல்ல ஓணப் புடவையில் வந்து கைகூப்பும் அறிவிப்பாளர். ஒரு குடை விளம்பரம். படம் அறுந்து, தடங்கலுக்கு வருந்தும் அட்டை, அதன் பின்னணியில் நீண்ட நேரம் ஓடும் வீணை இசை. இதையெல்லாம் எந்தக் காப்பகமும் சேர்த்துவைக்காது. நிலையங்கள் நிகழ்ச்சிகளை வைத்திருக்கும், நிகழ்ச்சிகளுக்கு இடையில் கழிந்த மாலையை வைத்திருக்காது. அது வீட்டு கேஸட்டுகளில் மட்டுமே இருக்கிறது. என்னால் அந்தத் தடங்கல் அட்டையைக் கூட வேகமாக ஓட்டித் தள்ள முடியவில்லை.

அந்த மாலைகள் தூர்தர்ஷனோடு நிற்கவில்லை. 1993 ஆகஸ்ட் இறுதியில் ஏஷியாநெட் வந்தது. அதுவும் எங்கள் ஊரிலிருந்துதான். மலையாளத்தின் முதல் தனியார் செயற்கைக்கோள் அலைவரிசை. அதில் டி.என். கோபகுமாரின் ‘கண்ணாடி’யைத் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டும். சுசீந்திரத்தில் பிறந்த மனிதர் அவர். நோயாளிகள், ஆதரவற்றவர்கள், அரசு அலுவலக வாசலில் காத்துக் கிடப்பவர்கள் என்று யாரும் காட்டாத முகங்களைத் தன் நிகழ்ச்சியில் காட்டினார். பார்த்தவர்கள் பணம் அனுப்பினார்கள், அதில் வளைகுடாத் தொழிலாளிகளும் இருந்தார்கள். 2016 ஜனவரியில் அவர் மறைந்தார். தொலைக்காட்சியால் ஒரு சமூகத்தின் கையைப் பிடித்து உதவ வைக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அன்றைய மாலைகளை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களோடு நான் உடன்படாததற்கு ‘கண்ணாடி’யும் ஒரு காரணம்.

பிரசார் பாரதிக்கு நான் வைக்கும் கோரிக்கை ஒன்றே. பழைய நிகழ்ச்சிகள் சிலவற்றை யூடியூப்பில் ஏற்றுகிறீர்கள், நல்லது. அதைவிட முதலில் செய்ய வேண்டியது, குடப்பனக்குன்னு நிலையத்தில் 1985 முதல் எஞ்சியிருப்பவை எவை, அழிந்தவை எவை என்ற பட்டியலை அப்படியே வெளியிடுவது. சென்னை நிலையத்துக்கும் இது பொருந்தும். பாலசந்தரின் ‘ரயில் சிநேகம்’ போன்றவற்றைத் தேடுவோர் இருப்பார்கள். பேர் தெரியாத எத்தனையோ நல்ல நாடகங்களைத் தேட, முதலில் அவை இருந்தன என்பதே தெரிய வேண்டும்.

வாசகர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ துபாயிலோ உங்கள் வீட்டுப் பரணில், கல்யாண வீடியோக்களுக்கு நடுவே, பழைய கேஸட்டுகள் கிடக்கலாம். வீட்டைக் காலி செய்யும்போது எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டை நம்பாதீர்கள். சினிமா என்று எழுதியிருக்கும் கேஸட்டின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு மாலைச் செய்தி இருக்கக்கூடும். வெள்ளை படிந்திருந்தால் வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். டிஜிட்டலாக மாற்றிய பின்னும் மூல கேஸட்டை வைத்திருங்கள். என்ன கிடைத்தது என்று தூர்தர்ஷன் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்த ஓணத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் பரணில் ஏறிப் பாருங்கள்.