ரிச்சி தெருவின் பாடி வேலைக்காரர்கள்

"விழுந்து வர்றது கொஞ்சம்தான் சார். மிச்சமெல்லாம் தொறந்து மூடியே உடைஞ்சது."

இதைச் சொன்னவரைத் தெருவே 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறது. டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து ரிச்சி தெருவில் இருப்பவர். உடைந்த லேப்டாப் உடம்புகளை ஒட்டி, தைத்து, திரும்ப நிமிர வைப்பது இப்போது அவர் தொழில். தெருவில் இதற்குப் பெயர் பாடி வேலை. பெயர்ப்பலகையில் எழுதும்போது மட்டும் கொஞ்சம் கௌரவமாக 'ஃபேப்ரிகேஷன்' ஆகிவிடும்.

ரிச்சி தெரு என்பது ஒரே தெரு அல்ல. அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே இருக்கும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று எல்லாச் சந்துகளுக்கும் சேர்த்து ஊர் வைத்த பெயர் அது. கீழ்த்தளத்தில் விற்பனை. பழுது பார்க்கிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் படியேற வேண்டும். ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய படி. மேலே போனால் அங்கேயும் ஒரு வருணாசிரமம் உண்டு. மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே போர்டை வைத்து வேலை பார்க்கிறவர் 'சிப் லெவல்'. அவருக்கு ஏசி அறை. பிளாஸ்டிக் ஒட்டுகிறவருக்கு ஜன்னலோரம், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். சிப் லெவல்காரர் பாடி வேலைக்காரரிடம் வேலை அனுப்புவார். ஆனால் கஸ்டமரிடம் அவர் பெயரைச் சொல்ல மாட்டார்.

நான் அங்கே போனதற்குக் காரணம் என் லேப்டாப். வாரண்டி முடிய மாதங்கள் இருந்தபோதே வலது மூலையில் வாய் திறந்துகொண்டது. சேவை மையத்தில் இருந்த இளைஞர் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு 'பிசிகல் டேமேஜ்' என்றார். கீழே போடவே இல்லை என்றேன். "கிராக் இருந்தா பிசிகல் டேமேஜ்தான் சார். சிஸ்டம்ல வேற ஆப்ஷன் இல்ல." அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் திரையில் இருந்த பட்டியலில் 'தானாக உடைந்தது' என்று ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். புதுப் பேனலுக்குக் கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டு நேராக ரிச்சி தெருவுக்கு வந்தேன். என் வேலை முடிந்த பிறகும் அங்கே போய் உட்காரத் தொடங்கினேன். பாய்க்கு ஆட்சேபணை இல்லை, வெளிச்சத்தை மறைக்காமல் உட்கார்ந்தால் சரி.

லேப்டாப் உடம்புக்கு இங்கே நாலு எழுத்து. ஏ என்றால் மூடியின் முதுகு. பி, திரையைச் சுற்றியிருக்கும் சட்டம். சி, விசைப்பலகையும் கை வைக்கும் இடமும். டி, அடிப்பாகம். "ஏபி போச்சு", "சி மட்டும்தான்" என்று போனில் பேசிக்கொள்வார்கள். இந்த நாலையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஹின்ஜ் என்னும் கீல். சண்டையெல்லாம் அங்கேதான்.

கீல் இரும்பு. அது நிற்பது பிளாஸ்டிக் மேல். நடுவே மிளகு அளவில் பித்தளை நட்டு. தொழிற்சாலையில் அந்த நட்டைச் சூடாக்கி பிளாஸ்டிக் தூணுக்குள் அழுத்தி வைத்துவிடுகிறார்கள். திரையை எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்க வேண்டும் என்பதால் கீலுக்குள் வேண்டுமென்றே உராய்வு வைத்திருக்கிறார்கள். தண்டில் வாஷர்களைக் கோத்து, கிரீஸ் தடவி, கடைசியில் ஒரு நட்டால் இறுக்கியிருப்பார்கள். நாளாக நாளாகக் கிரீஸ் காய்கிறது, தூசி சேர்கிறது, கீல் முரடாகிறது. மூடியைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த முரட்டுத்தனம் முழுவதும் பிளாஸ்டிக் தூணின் தலையில் இறங்குகிறது. ஒற்றைக் கையால் ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கிறவர்களுக்கு, ஒரு பக்கத்துக் கீலே மொத்தச் சுமையையும் வாங்கும். ஒருநாள் 'டக்' என்று சத்தம். நட்டு தன்னைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கையும் பிய்த்துக்கொண்டு கையோடு வந்துவிடுகிறது.

அந்தச் சத்தத்தோடு கொண்டுவந்தால் சின்ன வேலை. யாரும் கொண்டுவருவதில்லை. வாய் பிளந்த மூலையை அழுத்தி மூடிக்கொண்டே காலம் தள்ளுவார்கள். கீலை ஒட்டித்தான் திரைக்குப் போகும் கேபிள் ஓடுகிறது. அது நசுங்கித் திரையில் கோடு விழுந்த பிறகுதான் படியேறுவார்கள். இன்னொரு கூட்டம் வீட்டிலேயே ஃபெவிக்விக் ஊற்றிவிட்டு வரும். பாய்க்குப் பெரிய தலைவலி இவர்கள்தான். அந்தப் பசை சீக்கிரம் பிடிக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். பிய்க்கிற இழுப்பைத் தாங்காது. சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்துவிடும். அதைச் சுரண்டி எடுக்காமல் வேறு எதுவும் அங்கே ஒட்டாது.

ஒரு சனிக்கிழமை, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற ஒருவர் தன் மகளின் லேப்டாப்போடு வந்தார். மகள் பொறியியல் மாணவி, அவளும் கூட வந்திருந்தாள். வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை. பாய் வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் திருப்பித்தான் கொடுத்தார். வாரண்டியில் இருக்கும் சாமானை அவர் தொடுவதில்லை. "நான் ஒரு ஸ்க்ரூ கழட்டினாலும் அவன் என்மேல போட்டுடுவான் சார். மொதல்ல அங்க போயிட்டு வாங்க." போய்விட்டுத்தான் வந்திருக்கிறோம் என்று ஜாப் ஷீட்டை நீட்டினார் அப்பா. அதே இரண்டு சொல்: பிசிகல் டேமேஜ்.

சில கம்பெனிகள் தனிக் காசு வாங்கிக்கொண்டு விபத்துப் பாதுகாப்பு என்று ஒரு திட்டம் விற்கின்றன. அது இருந்திருந்தால், 'கை தவறிப் போட்டுவிட்டேன்' என்றால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். இவர்களிடம் இருந்தது சாதாரண வாரண்டி. அதனால் 'போடவில்லை' என்ற உண்மை எடுபடவில்லை. போட்டு உடைத்தவருக்கு ஒரு வழி இருக்கிறது, பத்திரமாக வைத்திருந்தவருக்கு இல்லை என்பது எனக்கு இன்னும் விளங்காத நியாயம்.

உடைந்த இடமே காரணத்தைச் சொல்லும். விழுந்த லேப்டாப்பில் மூலை நசுங்கியிருக்கும், வெளியே அடிபட்ட தழும்பு இருக்கும், விரிசல் அங்கிருந்து உள்ளே ஓடும். கீல் பிய்த்த லேப்டாப்பில் வெளியே கீறல்கூட இருக்காது. விரிசல் தூணின் அடியில் தொடங்கி வெளியே வரும். இதைப் பார்க்கப் பாய்க்கு அரை நிமிடம் போதும். போட்டோ எடுக்கிறவருக்கு நேரம் இருக்கிறது, ஆனால் அவர் திறந்து பார்ப்பதில்லை. காரணத்தைப் பார்க்காமல் உடைப்பை மட்டும் பார்த்து ஒரு சொல் எழுதப்படுகிறது; அந்தச் சொல்லுக்கு நாம் பணம் கட்டுகிறோம்.

கம்பெனிகளுக்கு இது தெரியாத விஷயமில்லை. 2006-ல் ஆப்பிள் கொண்டுவந்த வெள்ளை பாலிகார்பனேட் மேக்புக்கில், மூடியின் விளிம்பிலிருந்த சின்ன மேடுகள் அழுத்தி அழுத்தியே கை வைக்கும் இடத்தின் ஓரம் விரிசல் விட்டது. ஒருவருக்கு அல்ல, ஏகப்பட்ட பேருக்கு, ஒரே இடத்தில். கடைசியில் அந்த மேல்பாகத்தை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். பல பேருக்கு ஒரே இடத்தில் உடைந்தால் அது வடிவமைப்புக் கோளாறு, ஒருத்தருக்கு உடைந்தால் அவர் கவனக்குறைவு என்று ஆகிவிடுகிறது.

பாயிடம் வேலை பார்க்கும் தம்பி அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் வேலையை ஆரம்பித்தான். விழுப்புரம் பக்கத்துப் பையன், டிப்ளமா படித்தவன். தெர்மாகோல் பலகையில் அடிப்பாகத்தின் படத்தைக் கோடாக வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தான். நீள ஸ்க்ரூ குட்டை ஓட்டைக்குள் போனால் மேலே சி பேனல் பொங்கிவிடுமாம். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது. இரண்டாவது, காணாமல் போன பித்தளை நட்டைத் தேடுவது. அது ஃபேன் பக்கம் உருண்டு கிடந்தது. போர்டு மேல் உருண்டிருந்தால் கதையே வேறு.

அப்பா எட்டிப் பார்த்தார். உடைந்த தூணை விரலால் தடவிவிட்டு, "இந்தச் சுவருக்கு இந்த நட்டா? சுத்தி ஒரு எம்எம் கூட மெட்டீரியல் இல்லையே பாய்" என்றார். பாய் சிரித்தார். தொழில்காரன் தொழில்காரனோடு பேசும் சிரிப்பு. அப்புறம் இருவரும் என்னையும் அந்தப் பெண்ணையும் மறந்துவிட்டார்கள். மெலிதாக இருப்பதை அழகு என்று விற்கிறார்கள். அந்த மெலிவை எங்கிருந்து வழித்து எடுத்தார்கள் என்பது இப்படித் திறந்து போட்டால்தான் தெரிகிறது.

பேனலின் உட்புறத்தில் பிளாஸ்டிக் ஜாதியைச் சின்ன எழுத்தில் வார்த்திருப்பார்கள். இதில் 'பிசி+ஏபிஎஸ்' என்றிருந்தது. அதைப் பார்த்துத்தான் சால்டரிங் அயர்னின் சூட்டை வைக்கிறார் பாய். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஸ்பிரிட்டால் துடைத்தார். மெல்லிய ஸ்டீல் வலையைக் கத்தரித்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்துச் சூட்டுக்கோலால் அமுக்கினார். வலை பிளாஸ்டிக்கில் மூழ்கியது, நாற்றம் எழுந்தது. முகக்கவசம் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. போட்டுக்கொள்ளச் சொன்னால் கண்ணாடி மங்கிப் போகுது என்கிறார். அந்தப் புகையை தம்பியும் நாள் முழுக்க இழுக்கிறான் என்பதைச் சொன்னேன். ஃபேனை ஒரு சுற்றுக் கூட்டி வைத்தார்.

ஒரு நட்டு நைந்திருந்தது. மேசைக்கு அடியிலிருந்த பெட்டியிலிருந்து வேறொன்று எடுத்தார். அந்தப் பெட்டி நிறைய அரசு லேப்டாப்புகளின் உடல்கள். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் கைக்கு வந்தவை. கனமானவை, தூண்கள் தடித்தவை. "அது செத்தாலும் ஸ்க்ரூ குடுக்கும் சார்" என்றான் தம்பி.

இனிதான் நுணுக்கம். நட்டுகளைத் தூணில் வைத்து ஒட்டுவதில்லை. முதலில் கீலின் காலோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுகிறார். அப்போதுதான் துளைகள் பிசகாது. ஸ்க்ரூவின் மரையில் துளி கிரீஸ் தடவுகிறார், இல்லாவிட்டால் பசை அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிறகு கழற்றவே முடியாது. அரால்டைட்டின் இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு பிதுக்கி, பழைய ஏடிஎம் கார்டின் மேல் குழைத்து, நட்டைச் சுற்றி அணை கட்டுகிறார். அதிகமானால் விசைப்பலகை மேலே முட்டும், குறைந்தால் பிடிக்காது. துணி கிளிப் மாட்டி ஒரு ராத்திரி விட வேண்டும்.

ஆனால் அதற்கு முன்பே கீலின் கடைசி நட்டைக் கால் சுற்று தளர்த்தி, பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது வைத்திருந்தார். "இதை விட்டுட்டு ஒட்டு மட்டும் போட்டா திரும்பி வரும் சார். நோய் இங்க, காயம் அங்க." இதைச் செய்யாத கடைகள்தான் அதிகம். ஏபிஹெச் என்று ஏ, பி, ஹின்ஜ் மூன்றையும் செட்டாக மாற்றிப் புதுப் பொருள் போல அனுப்பிவிடுவார்கள். வருகிற பேனல்கள் எல்லாமே கம்பெனிச் சரக்கு இல்லை. கம்பெனியிடமிருந்து நேராகப் பேனல் வாங்க இவரைப் போன்றவர்களுக்கு வழி திறக்கவில்லை. பழுதுநீக்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று ஒரு இணையதளம் திறந்தது. அதில் கம்பெனிகளின் சேவை விவரங்கள் கிடைக்கும். பாய்க்கு வேண்டியது பேனல்.

"இதை இப்படியே விடறதா சார்? கேஸ் போடலாமா?" என்று அப்பா கேட்டது என்னைப் பார்த்துத்தான். போடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் தரத்தில் உள்ள எந்தக் குறையும் குறைபாடுதான். தான் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம், இணையவழியிலும் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டால் போதும். அதற்கு முன்னால் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். பல கம்பெனிகள் அந்த ஒரு போனிலேயே கொஞ்சம் இறங்கி வரும். குறைபாட்டைச் சோதித்தால்தான் தெரியும் என்றால், பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப 38-ஆம் பிரிவு வழி சொல்கிறது; 45 நாளில் அறிக்கை. சோதனைச் செலவைப் புகார் கொடுத்தவரே முதலில் கட்ட வேண்டியும் வரலாம்.

மகள் குறுக்கிட்டாள். "அப்பா, எனக்குத் திங்கக்கிழமை புராஜெக்ட் ரிவ்யூ." முத்திரையிட்டு அனுப்பிய லேப்டாப்பில் புராஜெக்ட் செய்ய முடியாது. ஒட்டிவிட்டால் சாட்சியம் போய்விடும். ஆறு மாதம் காத்திருக்கக்கூடிய வசதி உள்ளவர் வேறு லேப்டாப் வாங்கிக்கொள்வார். வழக்கு வேண்டியவருக்குத்தான் காத்திருக்க நேரம் இல்லை.

பாய் பசை குழைப்பதற்கு முன்பே தம்பியை விட்டு உடைந்த தூணை நாலைந்து கோணத்தில் போட்டோ எடுக்க வைத்திருந்தார், அப்பா கேட்காமலேயே. வெளிப்புற மூலைகள் நாலையும், அடி படாததற்கு அத்தாட்சியாக. காரணத்தை எழுதித் தருவீர்களா என்று நான் கேட்டேன். "என் எழுத்தை யாரு சார் மதிப்பா? அங்க சர்டிஃபிகேட் வச்ச ஆள் வேணும்." அப்பா விடவில்லை. "எழுதிக் குடுங்க பாய், மதிக்கறாங்களா பார்ப்போம்." கடை லெட்டர் பேடில் பாய் சொல்லச் சொல்ல தம்பி எழுதினான்: வெளியே அடிபட்ட தடம் இல்லை, கீல் இறுக்கத்தால் தூண் உள்ளிருந்து பிய்ந்திருக்கிறது. தேதி, சீரியல் எண், கடை முத்திரை. பிய்ந்து வந்த பிளாஸ்டிக் வளையத்தை ஒரு ஜிப் கவரில் போட்டு அதோடு பின் அடித்தார்கள்.

எழுதியதற்குக் காசு வாங்கவில்லை. பாடி வேலைக்கு மட்டும் கூலி. புதுப் பேனலுக்குச் சேவை மையம் கேட்டதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அப்பா அதிலும் நூறு ரூபாய் குறைக்கச் சொன்னார். பாய் ஐம்பது குறைத்தார். ஞாயிறு கடை இல்லை, திங்கள் காலை பத்துக்கு முன்னால் வந்தால் கிடைக்காது என்றார். பெண்ணின் ரிவ்யூ ஒன்பதரைக்கு. கடைசியில் ஞாயிறு சாயங்காலம் தம்பி தன் அறையிலிருந்து எடுத்துக்கொண்டு சென்ட்ரல் வரை வந்து கொடுப்பதாக ஏற்பாடு.