முழங்காலுக்குக் கீழே ஒரு காடு

ஆஸ்திரேலியாவின் வடக்குக் குவீன்ஸ்லாந்துக் கடலோரச் சமவெளியில், இங்கம், கார்ட்வெல் ஊர்களைச் சுற்றியுள்ள காகிதப்பட்டை மரக்காடுகளில் தாவரங்களைப் பதிவு செய்வது என் வேலை. புதிதாக உடன் வருகிறவர்கள் அண்ணாந்து மரத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே எழுத அதிகம் இருக்காது. பெரும்பாலும் ஒரே இனம்தான்: மெலலூக்கா விரிடிஃப்ளோரா. நாவல், கொய்யாவின் குடும்பம். கடைகளில் கிடைக்கும் டீ ட்ரீ ஆயில் தரும் செடிக்கு நெருங்கிய உறவு. கோணல்மாணலாக வளரும். அகலமான தடித்த இலையில் நரம்புகள் நீளவாக்கில் ஓடும், கசக்கினால் தைல வாசனை வரும். மேலடுக்கை எழுதி முடிக்கச் சில நிமிடம் போதும். மற்ற வேலையெல்லாம் குனிந்துதான்.

இங்கே மேலே மெல்லிய மணல் மண், அடியில் நீர் இறங்காத களிமண். ஆண்டுக்குச் சுமார் 2,000 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி டிசம்பர் முதல் ஏப்ரல் வரைக்குள் கொட்டிவிடும். ஓட வழியில்லாமல் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கும். மழையில்லாத மாதங்களில் அதே தரை கல்லாக இறுகும். இரண்டையும் தாங்குகிற மரங்கள் குறைவு. காகிதப்பட்டை தாங்கும். கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் இந்த நிலத்தில் ஒரு சாண் ஏறினால் புல்மரமும் புற்களும், ஒரு சாண் இறங்கினால் கோரை. ஈரம் கசியும் விளிம்பில் ட்ரொசீராவும் யூட்ரிகுலேரியாவும் இருக்கும். மண்ணில் சத்தில்லாததால் சிற்றுயிர்களைப் பிடித்துப் பிழைப்பவை. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெழுத வேண்டும். கோரையில் அவசரமே கூடாது. முற்றிய விதை கையில் இல்லாமல் நான் இனப்பெயர் எழுதுவதில்லை.

பிறகு அடிமரம். அடுக்கடுக்காக உரியும் பட்டையில் ஆர்க்கிட்டுகள் வேர்பிடித்திருக்கும். எனக்கு மிகப் பிடித்தது எறும்புச் செடி, மிர்மிகோடியா பெக்காரியை. அதன் பருத்த, முள் நிறைந்த அடித்தண்டுக்குள் சுரங்கங்கள் உண்டு. அவற்றில் எறும்புகள் குடியிருக்கின்றன. எறும்புகள் விடும் கழிவு செடிக்கு உரமாகிறது. அப்போலோ ஜுவல் என்ற பட்டாம்பூச்சியின் புழு அந்தச் செடிக்குள்ளேயே அதைத் தின்று வளர்கிறது. மரம் விழுந்தால் செடி, எறும்பு, பட்டாம்பூச்சி எல்லாம் சேர்ந்தே போகும். அதனால் வெறும் மரங்களை எண்ணிக் காட்டை மதிப்பிடுவதை நான் ஏற்பதில்லை.

பட்டை தீயையும் தாங்கும். வெளித்தாள்கள் கருகினாலும் உள்ளே உயிர் இருக்கும், தண்டிலிருந்தே துளிர் விடும். நெடுங்காலம் தீயே படாவிட்டால்தான் தொல்லை. புதர்களும் இளமரங்களும் நெருங்கி மண்டி, நிழலில் புல்லும் சிறுசெடிகளும் மடிந்துவிடும். எப்போது, எவ்வளவு எரிக்கலாம் என்பதைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள் இந்நிலத்தின் பழங்குடி மக்கள். பட்டையை உரித்துக் கூரை வேய்ந்தவர்களும் உணவைப் பொதிந்து சுட்டவர்களும் அவர்களே. அவர்களைக் கேட்காமல் தீத்திட்டம் வகுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

இந்தச் சமவெளியில் பெரும்பரப்பு கரும்புக்கும் பைன் தோட்டங்களுக்கும் போய்விட்டது. அழிந்தே போனதாகக் கருதப்பட்டு 1989-இல் மீண்டும் கண்டறியப்பட்ட மஹோகனி கிளைடர் என்ற, மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கித் தாவும் சிறுவிலங்குக்கு இங்குள்ள மிச்சக் காடுகள்தான் வீடு. அதிக மழை பெறும் இந்தக் கடலோர விரிடிஃப்ளோரா காடுகளை 2012-இல் ஆஸ்திரேலிய மத்திய அரசு அழியும் ஆபத்திலுள்ள தாவரச் சமுதாயமாக அறிவித்தது. அறிவிப்பு வந்தாலும், ஓர் இடம் அந்தச் சமுதாயத்தைச் சேர்ந்ததா என்பதைக் களத்தில் ஒருவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஒருவரிடம் என் வேண்டுகோள் இது. செப்டம்பர் வெயிலில் மட்டும் வந்து, காய்ந்த புல்லைப் பார்த்து, இனங்கள் குறைவு என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். மார்ச்சில், தண்ணீர் நிற்கும்போது, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இன்னொரு முறை வாருங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.